எறிகத்தி வாங்கும் முன்: முதலில் கோடு, அப்புறம் கத்தி

கத்தி எறிதலுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரே வகைதான். நைலான் உறைக்குள் மூன்றோ ஆறோ சேர்த்து விற்கும், 15 செ.மீ. நீளமும் 50, 60 கிராம் எடையும் உள்ள கறுப்புக் கத்திகள். பார்க்க சினிமாவில் வருவது போலவே இருக்கும். ஆனால் பலகையில் பாதி நேரம் குத்தி நிற்காது. நின்றாலும் எதனால் நின்றது என்று புரியாது. போட்டிக்கு எடுத்துப் போனால் நீளமே போதாது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கத்தியை வைத்துத் தொடங்குவதால் வருகிற வினை இது. எந்தக் கோட்டில் நின்று எறியப் போகிறீர்கள், உங்கள் கையில் கத்தி ஒரு முறை சுழல எவ்வளவு தூரம் எடுக்கிறது என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீளம், எடை, சமநிலை எல்லாம் அந்த இரண்டிலிருந்தே வரும்.

விதியை முதலில் படியுங்கள்

உலகம் முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. ஐரோப்பாவில் யூரோத்ரோயர்ஸ் என்ற எறிவோர் அமைப்பின் விதிகளின்படி நடக்கும் போட்டிகள் அதிகம். அமெரிக்காவில் இக்தாஃப் என்று சுருக்கிச் சொல்லும் பன்னாட்டுக் கத்தி எறிவோர் புகழ் மண்டபம் என்ற அமைப்பு இருக்கிறது. கோடரி எறியும் லீகுகளோடு சேர்ந்து வளர்ந்த உலகக் கத்தி எறிதல் லீகும் இருக்கிறது. கத்திக்கான அளவு ஒவ்வொன்றிலும் வேறு. நீங்கள் போகப்போகும் போட்டியின் இந்த ஆண்டு விதியை எடுத்து, கீழே உள்ளவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்:

– கத்தியின் குறைந்தபட்ச நீளம், உச்ச நீளம் இருந்தால் அதுவும்
– அலகின் (பிடி நீங்கலான பகுதியின்) உச்ச அகலம்
– எடைக்கு வரம்பு உண்டா
– எறியும் கோடுகளின் தூரம். அங்கிருந்து பின்னால் நகர அனுமதி உண்டா, எவ்வளவு வரை
– ஒவ்வொரு தூரத்திலும் இத்தனை சுழற்சி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் உண்டா
– வளையக் கோட்டைக் கத்தி தொட்டால் எந்தப் புள்ளி

யூரோத்ரோயர்ஸ் விதியில் கத்தி குறைந்தது 23 செ.மீ. இருக்க வேண்டும், அகலமான இடத்தில் 6 செ.மீ.-யைத் தாண்டக் கூடாது. இலக்கின் நடுவட்டம் 10 செ.மீ. விட்டம், 5 புள்ளி. வெளியே போகப் போக ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு புள்ளி குறைந்து, 50 செ.மீ. விட்டமுள்ள கடைசி வளையத்தில் 1 புள்ளி. சுற்றுக்கு மூன்று எறி. கோட்டைத் தொட்டாலே உயர்ந்த புள்ளி என்று இருக்கும் இடத்தில் அகலமான அலகுக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. அகலத்துக்கு ஏன் வரம்பு வைக்கிறார்கள் என்பது அப்போது விளங்கும். அதற்காக 5.9 செ.மீ. அகலத்தில் ஒரு துடுப்பு வாங்காதீர்கள். அகலம் கூடினால் ஏற்கெனவே பலகையில் நிற்கும் கத்தியில் மோதுவதும் கூடும். மோதி விழுந்த கத்திக்குப் புள்ளி இல்லை.

மேலே உள்ள பட்டியலில் எல்லாரும் கவனிக்காமல் விடுவது கோட்டைப் பற்றிய வரி. எறியும் கோடு பெரும்பாலும் குறைந்தபட்ச தூரம்தான். பாதம் கோட்டைத் தாண்டக் கூடாது, பின்னால் நிற்கலாம். 3 மீட்டர் கோட்டில் 3.20-இல் நின்று எறிந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். 2.80-இல் நின்றால் எறி செல்லாது. கத்தித் தேர்வில் பாதி இந்த ஒரு விதியிலிருந்துதான் வருகிறது.

உங்கள் சுற்றுத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

இதற்கு ஒரு கத்தி வேண்டும். வாங்கத் தேவையில்லை, கிளப்பில் இரவல் வாங்குங்கள். 30 செ.மீ. நீளம், 250 கிராம் சுமார், நேரான பிடி இருந்தால் போதும்.

இலக்கு மென்மரமாக இருக்க வேண்டும். மரத்தைக் குறுக்கே அறுத்த வட்டத்துண்டு, வருட வளையங்கள் உங்களைப் பார்த்தபடி, 10 முதல் 15 செ.மீ. தடிமனில். ஐரோப்பாவில் பாப்லர் போடுவார்கள். நம் ஊரில் இலவமும் கல்யாண முருங்கையும் இதற்கு ஏற்ற மென்மரங்கள். காய்ந்துபோனால் முந்தின நாளே தண்ணீர் ஊற்றி வையுங்கள். பலகையின் தட்டைப் பக்கத்தில் எறிந்தால் நார் குறுக்கே ஓடுவதால் நல்ல கத்திகூடத் தெறித்து வரும், பழி கத்தி மேல் விழும்.

தெறிக்கும் கத்தி எறிந்தவரை நோக்கியே வரும். கண்ணாடி, மூடிய காலணி இரண்டும் வேண்டும். எறிபவருக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது. எல்லாரும் எறிந்து முடித்த பிறகு எல்லாரும் சேர்ந்து போய் எடுக்க வேண்டும்.

இனி அளவு. இலக்கின் முகத்திலிருந்து 3 மீட்டரில் ஒரு கோடு போடுங்கள். பிடியைச் சுத்தியல் பிடிப்பது போலப் பிடித்து, மணிக்கட்டை மடக்காமல், முன்கால் விரல் நுனி கோட்டில் இருக்க எறியுங்கள். கத்தி எப்படிக் குத்துகிறது என்று மட்டும் பாருங்கள். பிடி மேலே தூக்கி, முனை கீழ்நோக்கிக் குத்தியிருந்தால் அளவுக்கு மீறிச் சுழன்றிருக்கிறது. ஒரு சாண் முன்னால் போங்கள். பிடி கீழே தொங்கி, முனை மேல்நோக்கி இருந்தால் சுழற்சி போதவில்லை, பின்னால் வாருங்கள். கத்தி பலகைக்கு நேராக, பிடி உங்களைப் பார்த்தபடி நிற்கும் இடம் வந்ததும், பத்தில் ஏழெட்டு அப்படியே நிற்கிறதா என்று சரிபார்த்து டேப்பால் அளந்துகொள்ளுங்கள். இது ஒரு சுழற்சிக்கான இடம். அடுத்து 5 மீட்டருக்குப் போய் இரண்டு சுழற்சிக்கான இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

ஒரு சுழற்சி 3.10 மீட்டரிலும் இரண்டு சுழற்சி 5.25 மீட்டரிலும் வந்தது என்று வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2.15 மீட்டர், அதுதான் உங்கள் சுற்றுத் தூரம். மீதி 95 செ.மீ. என்பது பாதத்துக்கும் கத்தி கையை விடும் இடத்துக்கும் இடையே உள்ள கழிவு, கத்தியின் நீளமும் அதில் அடக்கம். இது ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். மூன்று சுழற்சிக்கு 0.95 + 3 × 2.15, அதாவது 7.40 மீட்டரில் நிற்க வேண்டும் என்பதை எறிந்து பார்க்காமலே சொல்லிவிடலாம்.

பல போட்டிகளின் கோடுகள் 2, 3, 4, 5, 7 மீட்டர் என்று இருப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். சுற்றுத் தூரம் 2 மீட்டரும் கழிவு 1 மீட்டரும் என்றால் அரைச் சுழற்சி 2-இல், ஒன்று 3-இல், ஒன்றரை 4-இல், இரண்டு 5-இல், மூன்று 7-இல் வந்து விழும். கத்தியைத் தேடும்போது மனதில் இருக்க வேண்டிய எண் 2 மீட்டர். இன்னும் சரியாகச் சொன்னால் 2.00-க்கும் 2.20-க்கும் இடையில்.

ஏன் கீழே போகக் கூடாது? சுற்றுத் தூரம் 1.90 வந்தால் மூன்று சுழற்சி 6.70 மீட்டரிலேயே முடிந்துவிடும். நீங்களோ 7-இல் நிற்க வேண்டும். மிச்சமுள்ள 30 செ.மீ.-இல் கத்தி ஏறக்குறைய 57 பாகை கூடுதலாகச் சுழன்று முனை தரையைப் பார்த்துக் குத்தும், அல்லது குத்தாமல் விழும். முன்னால் போக விதி விடாது. 2.20 வந்தால் 7.60-இல் நின்றுகொள்ளலாம், தூரம் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். ஆகவே சந்தேகம் வந்தால் மெதுவாகச் சுழலும் கத்தியின் பக்கம் சாயுங்கள்.

நீளம் எப்படி இதை மாற்றுகிறது

வேகமாக எறிந்தால் கத்தி அதிகம் சுழலும் என்று நினைப்பவர்கள் அதிகம். மணிக்கட்டைச் சொடுக்காத வரை அது சரியில்லை. கை ஒரு வட்டத்தின் ஆரம் போல வீசுகிறது. கத்தியின் எடை மையம் அந்த ஆரத்தின் வெளி நுனியில் இருக்கிறது. கையை விட்ட பிறகும் கத்தி, கை சுழன்ற அதே வீதத்தில் சுழன்றுகொண்டே போகிறது. வேகத்தைக் கூட்டினால் முன்னேறுவதும் சுழல்வதும் ஒரே விகிதத்தில் கூடுகின்றன. ஆகவே ஒரு சுழற்சிக்கு ஆகும் தூரம் ஆரத்தைப் பொறுத்தது, ஏறத்தாழ அதன் 6.28 மடங்கு. 2 மீட்டர் சுற்றுத் தூரம் என்றால் ஆரம் சுமார் 32 செ.மீ. முன்கை பெரும்பங்கு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இதிலிருந்து நேராக ஒரு கணக்கு வருகிறது. எடை மையம் கையிலிருந்து 1 செ.மீ. தள்ளிப் போனால் சுற்றுத் தூரம் 6 செ.மீ.-க்குச் சற்று மேல் கூடும். 30 செ.மீ. கத்தியிலிருந்து 40 செ.மீ. கத்திக்குப் போனால் எடை மையம் 5 செ.மீ. தள்ளும்; சுற்றுத் தூரம் 31 செ.மீ. நீளும், மூன்று சுழற்சியில் ஏறக்குறைய 90 செ.மீ. பின்னால் போக வேண்டும். இரவல் கத்தியில் உங்களுக்கு 1.90 வந்ததா? 3, 4 செ.மீ. நீளமான கத்தி பார்த்தால் 2 மீட்டருக்கு வந்துவிடும். 2.30 வந்தால் நீளத்தைக் குறைத்துப் பாருங்கள்.

சுழற்றி எறிபவர்களில் பெரும்பாலோர் 30 முதல் 38 செ.மீ. வரைக்குள் அடங்கிவிடுவார்கள். கை நீளமானவருக்கு ஆரம் ஏற்கெனவே பெரிது என்பதால் அவருக்கு மிக நீளக் கத்தி தேவைப்படாது. ஆறடி ஆளுக்குப் பெரிய கத்தி என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

எடை மையம் எங்கே

2, 4 மீட்டர் கோடுகளில் அரையும் ஒன்றரையும் சுழற்சி. அதற்குக் கத்தியை அலகுப் பக்கம் பிடித்து எறிய வேண்டும். 3, 5, 7-க்குப் பிடிப் பக்கம். ஒரே கத்தியை இரண்டு முனையிலும் பிடிக்கிறீர்கள் என்றால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் கைக்குக் குழப்பம் இருக்காது.

32 செ.மீ. கத்தி ஒன்றில் எடை மையம் பிடியின் கடைசியிலிருந்து 18 செ.மீ.-இல் இருக்கிறது, அதாவது அலகுப் பக்கம் கனம். கையின் நடு, பிடித்த முனையிலிருந்து 5 செ.மீ. உள்ளே என்று கொண்டால், பிடியைப் பிடிக்கும்போது எடை மையம் கையிலிருந்து 13 செ.மீ.; அலகைப் பிடிக்கும்போது 9 செ.மீ. இந்த 4 செ.மீ. வித்தியாசம் சுற்றுத் தூரத்தில் 25 செ.மீ. ஆகிவிடும். பிடியில் 2 மீட்டர் தரும் கத்தி அலகில் 1.75 தரும். ஒன்றரைச் சுழற்சி சுமார் 3.60 மீட்டரிலேயே முடியும். 4 மீட்டர் கோட்டில் நிற்கும் ஆள் என்ன செய்வார்? மணிக்கட்டை விறைத்து, மூச்சைப் பிடித்து, ஏதோ ஒரு வித்தை செய்து சுழற்சியைக் குறைப்பார். மூன்று எறியில் ஒன்று விழும்.

எல்லாத் தூரத்திலும் போட்டியிட நினைத்தால் எடை மையம் கத்தியின் சரிபாதியில், அதிகம் போனால் இரு பக்கமும் 1 செ.மீ.-க்குள் இருக்கட்டும். பிடியை மட்டுமே பிடித்து 3, 5, 7 மட்டும் எறிவேன் என்றால் அலகு கனமான கத்தியும் நன்றாகவே ஓடும். மெதுவாகச் சுழலும், முனை முந்திப் போய்க் குத்தும். பிடி கனமான கத்தியைப் பிடியில் பிடித்து எறிவதுதான் புதியவருக்குப் பொருந்தாத சேர்க்கை: வேகமாகச் சுழலும், பிழைக்கு இடமே கொடுக்காது.

பார்ப்பது சுலபம். கத்தியைக் கிடையாக ஒரு பேனா மேல் வைத்து உருட்டி, சாயாமல் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, இரு முனையிலிருந்தும் அளந்துகொள்ளுங்கள். இணையத்தில் வாங்குகிறவர்கள் இதை விற்பவரிடமே கேட்கலாம். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காமலிருப்பது நல்லது.

எடையும் தடிமனும்

250 முதல் 350 கிராம். இதற்குக் கீழே 200 வரை போகலாம். அதற்கும் கீழே போனால் கையின் ஒவ்வொரு சிறு நடுக்கமும் கத்தியில் தெரியும். பலகையில் இறங்கும் ஆழமும் குறைந்து, அடுத்த கத்தி உரசினாலே விழுந்துவிடும். மேலே 400-ஐத் தாண்டினால் தோள்பட்டை புகார் சொல்லும். ஒரு நாளில் பயிற்சியும் போட்டியுமாக 150 எறி என்றால் 300 கிராம் கத்தியில் 45 கிலோ. 400-இல் 60 கிலோ. மாலையில் நடக்கும் 7 மீட்டர் சுற்றில் அந்த 15 கிலோ வித்தியாசம் நிச்சயம் தெரியும். அங்குலத்துக்கு ஓர் அவுன்ஸ் என்று பழைய எறிஞர்கள் சொல்லும் கணக்கில் 30 செ.மீ. கத்தி 340 கிராம் வரும்; வயது வந்த, தோள் பழகிய ஆளுக்கு அது சரி, தொடக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

தடிமன் 5 மி.மீ. போதும். 3 மி.மீ. தகட்டில் வெட்டிய கத்தி மோதலில் வளையும். அலகைப் பிடிக்கும்போது விரலை அறுக்கும். 6 மி.மீ. உறுதிதான், ஆனால் எடை ஏறும்.

எந்த உருக்கு

சமையல் கத்தியில் நாம் தேடும் கடினம் இங்கே எதிரி. உருக்கின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 45 முதல் 52 வரை இருப்பது எறிகத்திக்குப் பொருத்தம். 58, 60 என்று பெருமையாக எழுதியிருந்தால் விலகிவிடுங்கள். கத்தி கத்தியில் மோதும்போது முனை சில்லாகத் தெறிக்கும், அது கண்ணுக்கு வரும். மறுபுறம், டெம்பர் ஏற்றாத சாதா இரும்பில் செய்தது முதல் வாரத்திலேயே முனை சுருண்டுவிடும்.

ஸ்பிரிங் உருக்கும் நடுத்தரக் கார்பன் உருக்கும் இதற்கென்றே பிறந்தவை. அடி வாங்கி வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். துரு பிடிக்கும், எறிந்து முடித்ததும் துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் தீர்ந்தது. ஸ்டெயின்லெஸ் வேண்டும் என்று அடம்பிடிப்பதில் பொருளில்லை, ஈர மரத்தில் நாள் முழுக்க எறிபவருக்குக்கூட.

கையில் அளவுக்கருவி இல்லாவிட்டால் புது அரம் ஒன்றை விளிம்பில் இழுத்துப் பாருங்கள். கடித்துப் பொடி எடுத்தால் சரி. கண்ணாடி மேல் போல வழுக்கிக்கொண்டு போனால் மிகக் கடினம்.

முனை, விளிம்பு, பிடி

முனை ஊசியாக இருக்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் கூம்பாக, நுனியில் மட்டும் 1 மி.மீ. உருட்டு. ஊசி முனை முதல் தெறிப்பிலேயே கொக்கி போல வளைந்துவிடும். அடுத்த எறியில் அந்தக் கொக்கி பலகையைப் பிடிக்காமல் கத்தியைத் தள்ளிவிடும். முனை கத்தியின் நடுக்கோட்டில் இருக்கும் ஈட்டி வடிவம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி குத்தும். ஒரு பக்கம் சாய்ந்த பவ்வி வடிவமும் நன்றாகக் குத்தும். அதை அலகில் பிடிக்கும்போது முதுகு உள்ளங்கைப் பக்கம் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கும்.

விளிம்பில் கூர் வேண்டவே வேண்டாம். இந்தக் கத்தி வெட்டுவதற்கல்ல. கூர் வைத்த கத்தியை அலகில் பிடித்தால் விரல் போகும், பக்கத்துக் கத்தியில் பட்டால் விளிம்பு பல்லுப் பல்லாகும்.

பிடி தனி மரமோ பிளாஸ்டிக்கோ ஒட்டியதாக இருந்தால் வாங்காதீர்கள். திருகு தளரும், ரிவெட் பிடுங்கிக்கொள்ளும், மோதலில் மரம் பிளக்கும். முழுக்கத்தியும் ஒரே உருக்குப் பட்டையாக இருப்பதுதான் முறை. பாராகார்டு என்ற மெல்லிய நைலான் கயிறு சுற்றிய பிடிக்கு ஆதரவாளர்கள் உண்டு, கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் ட்ரூ ஃப்ளைட் கத்தி அந்த வகை. வியர்த்த கையில் வழுக்காது என்பது உண்மை. ஆனால் கயிறு தளரும் நாளில் கத்தி கையை விடும் நேரமே மாறும், ஏன் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. போட்டிக்கு வழவழப்பான உருக்கே மேல்; வியர்வைக்குக் கையில் சுண்ணக்கட்டிப் பொடி பூசிக்கொள்ளலாம்.

எடை குறைக்கப் போடும் ஓட்டைகளில் வட்டமானவை பரவாயில்லை. முக்கோணமும் நட்சத்திரமுமாகக் கூர்மூலை உள்ள ஓட்டைகளில் விரிசல் அந்த மூலையிலிருந்துதான் தொடங்கும். கைக்காப்புக் கொம்பு துருத்தி நிற்கும் கத்திகள் கையிலிருந்து சுத்தமாக விடுபடாது.

சுழற்றாமல் எறிபவருக்கு

ஆள்காட்டி விரலை முதுகின் மேல் நீட்டி வைத்து, கத்தி கையை விடும் கடைசிக் கணம் வரை விரலால் தடவி சுழற்சியைக் கொல்லும் முறை இது. இதற்கு மேலே சொன்ன 2 மீட்டர் கணக்கு எதுவும் பொருந்தாது. வேண்டியது விரல் தடையின்றி வழுக்கிப் போக நேரான, உருட்டிய முதுகு. 25 முதல் 32 செ.மீ. நீளம், 200 முதல் 300 கிராம் எடை, அகலம் குறைந்த உடம்பு. முதுகில் பல்லோ பள்ளமோ ஓட்டையோ இருந்தால் விரல் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் இடறும். ஜப்பானிய எறிகம்பியான போ ஷுரிகென் இந்த முறைக்கு அருமையான கருவி, ஆனால் பொதுவாக 23 செ.மீ.-க்குள் இருப்பதால் யூரோத்ரோயர்ஸ் கோட்டில் செல்லாது. இன்னொன்று: குறிப்பிட்ட சுழற்சி கட்டாயம் என்று எழுதியுள்ள போட்டியில் சுழற்றாத எறிக்குப் புள்ளியே கிடைக்காது. முன்பே கேட்டுவிடுங்கள்.

எத்தனை வாங்குவது, வந்ததும் என்ன செய்வது

சுற்றுக்கு மூன்று எறி என்பதால் மூன்று கட்டாயம். ஆறு வாங்குவது புத்திசாலித்தனம். பிறகு தனியாக மூன்று வாங்கினால் வேறு வார்ப்பு, வேறு வெட்டு, எடை ஒத்துப்போகாது. ஒரே வடிவம், ஒரே நேரம், ஒரே விற்பனையாளர்.

பெட்டி வந்ததும் எறிய ஓடாதீர்கள். சமையலறைத் தராசில் ஆறையும் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள். மூன்று கத்திகளுக்குள் 5 கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லாதபடி இரண்டு செட் பிரியுங்கள். எடை மையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், 3 மி.மீ.-க்கு மேல் மாறினால் திருப்பிக் கொடுக்கக் காரணம் இருக்கிறது. கண்ணாடி மேல் படுக்க வைத்து, கோணலா என்று பாருங்கள். நீளத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். அட்டையில் 23 என்று போட்டு 22.7 இருந்தால் நடுவர் அட்டையைப் பார்க்கமாட்டார். அதனால்தான் விதியின் எல்லையிலேயே கத்தி வாங்கக் கூடாது, முனை தேய்ந்து தேய்ந்து ஆண்டுக்குச் சில மி.மீ. குறையும்.

பிறகு அரத்தால் எல்லா விளிம்பிலும் பிசிறு நீக்குங்கள். லேசரில் வெட்டிய கத்திகளில் ஓட்டையின் உள்விளிம்பும் கீறும், அதை விடாதீர்கள். 220 எண் எமரி தாளால் பிடியையும் அலகின் பிடிக்கும் பகுதியையும் தேய்த்து, கன்னத்தில் வைத்தால் உறுத்தாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். வண்ணம் பூசியிருந்தால் பிடிக்கும் இடத்தில் உரித்துவிடுங்கள். அது பாதி உரிந்தும் பாதி ஒட்டியும் இருக்கும் காலத்தில் எறி ஏறுக்குமாறாகும்.

இப்போது முன்பு இரவல் கத்தியில் செய்த அளவை இதிலும் செய்யுங்கள். சில செ.மீ. பிசகியிருந்தால் கையை முன்னும் பின்னும் நகர்த்தியே சரிசெய்யலாம்: கையை எடை மையத்தை நோக்கி 1 செ.மீ. நகர்த்தினால் 7 மீட்டர் கோட்டில் நிற்கும் இடம் சுமார் 19 செ.மீ. முன்னால் வரும், கடைசி நுனிக்கு நகர்த்தினால் அதே அளவு பின்னால் போகும். இடம் நிலைத்ததும் சுண்டுவிரல் எங்கே வருகிறது என்று மார்க்கரால் ஒரு சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மாற வேண்டியிருந்தால் கத்தி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள்.

பட்டறையில் செய்வித்தால்

தமிழ்நாட்டில் அரிவாள் அடிக்கும் கொல்லர்கள் லாரிப் பட்டையைத்தான் எடுக்கிறார்கள். அது ஸ்பிரிங் உருக்கு, எறிகத்திக்கு ஏற்ற சரக்கு. ஆனால் அவர்கள் கை பழக்கம் கூர் நிற்கும் வெட்டுவாய்க்கு டெம்பர் ஏற்றுவது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: கூர் வேண்டாம், முழுக்கத்தியும் ஒரே பதத்தில், வளைந்தால் ஸ்பிரிங் போலத் திரும்பி வர வேண்டும், உடையக் கூடாது. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் அருமையான, ஒரே நாளில் முனை உடையும் கத்தி கிடைக்கும்.

எடையைக் காகிதத்திலேயே பார்த்துவிடலாம். 32 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் பட்டை 56 கன செ.மீ.; உருக்கு கன செ.மீ.-க்கு 7.85 கிராம் என்பதால் 440 கிராம். வடிவம் வெட்டி முனை இறக்கிய பிறகு அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக, 285 கிராம் அளவில் நிற்கும். அட்டையில் வடிவத்தை வெட்டிக் கொடுத்து, அட்டையைப் பேனா மேல் வைத்து எடை மையத்தையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தடிமன் சீராக இருக்கும் வரை அட்டையில் வரும் இடமும் உருக்கில் வரும் இடமும் ஒன்றேதான். பட்டை இயல்பாகவே வளைந்த சாமான். நன்றாக நிமிர்த்திய பிறகே வெட்டச் சொல்லுங்கள்.

சட்டமும் பயணமும்

இந்தியாவில் ஆயுதச் சட்டத்தின் கீழ் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத வகையில் வருகிறது. வீடு, விவசாயம், தொழில், அறிவியல் பயன்பாட்டுக்குச் செய்தவை விலக்கு. எறிகத்தி அந்த விலக்கில் தானாக வந்துவிடாது. 32 செ.மீ. கத்தியில் அலகு என்று சொல்லக்கூடிய பகுதி 18, 19 செ.மீ. இருந்தால் நீளத்தில் தப்பும். அகலத்தை 5 செ.மீ.-க்குள் வைத்துக்கொண்டால் அதிலும் தப்பும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் சுங்கத்திலும், தூக்கிக்கொண்டு ஊர் சுற்றும் முன் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கேட்பது வீண் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஜெர்மனியில் 12 செ.மீ.-க்கு மேல் அலகுள்ள நிலைக்கத்தியைப் பொது இடத்தில் கையோடு எடுத்துப் போகக் கூடாது. விளையாட்டு போன்ற நியாயமான காரணமோ பூட்டிய பெட்டியோ வேண்டும். எறி நட்சத்திரம் அங்கே வைத்திருப்பதே குற்றம். பிரிட்டனில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குக் கத்தி விற்கமாட்டார்கள். பொது இடத்தில் கொண்டுபோகத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். போட்டிக்குப் பதிவு செய்த தாளை அச்சிட்டுப் பெட்டிக்குள் போட்டுவைப்பது இந்த இரு நாட்டிலும் உதவும்.

விமானத்தில் சரக்குப் பெட்டியில் மட்டும். முனைக்குத் தடித்த ரப்பர் குழாய்த் துண்டு மாட்டி, கத்திக்குக் கத்தி இடையில் அட்டை வைத்து, மூன்றையும் இறுக்கிக் கட்டிப் பூட்டும் பெட்டியில் வையுங்கள். அரமும் எமரி தாளும் அதே பெட்டியில் இருக்கட்டும். முதல் சுற்று முடிந்ததுமே ஏதாவது ஒரு விளிம்பில் பிசிறு எழும்பியிருக்கும்.